ஒரே வாரத்துல ஓடுற ஆப்: கொஞ்சம் கொஞ்சமா கட்டுறது எப்படி?

கோடிங் கத்துக்கிட்டு முதல் தடவையா சொந்தமா ஆப் பண்ண உக்கார்ற நிறைய பேரு ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. முதல்ல டேட்டாபேஸ் முழுசா, அப்புறம் லாகின், அப்புறம் ஸ்க்ரீன்னு வரிசையா போவாங்க, ரெண்டு மாசம் ஆகியும் அடுத்தவங்களுக்கு காட்ட ஒண்ணுமே இருக்காது. நானும் மூணு மாசம் அப்படி உழைச்சிருக்கேன். கடைசியில யாருக்காக பண்ணேனோ அவங்க பாத்துட்டு "இந்த தேடுற பகுதி மட்டும் போதுமே, மத்ததெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விய முதல் வாரத்துலயே கேக்க வைக்கிறதுதான் இந்தப் பதிவோட வேலை.

உதாரணத்துக்கு, நம்ம புக்க யாருக்கு இரவல் குடுத்தோம்னு குறிச்சு வைக்கிற ஆப் ஒண்ண எடுத்துக்குவோம்.

படி 1: லிஸ்ட் போடுங்க
அத யூஸ் பண்ணப் போற ஒரு ஆள்கிட்ட பேசி, அவங்க சொல்றத அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. "டேபிள் உருவாக்கணும்"னு எழுதாதீங்க, "யார்கிட்ட என் புக் இருக்குன்னு தெரியணும்"னு எழுதுங்க. பத்து வரி போதும். ரொம்ப முக்கியமானது மேல, மத்தது கீழ.

படி 2: மெல்லிசா வெட்டுங்க
எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், அதனால மெதுவா படிங்க. ஆப்ப ஒரு கேக்கா நெனச்சுக்கோங்க, அடியில டேட்டாபேஸ், நடுவுல லாஜிக், மேல ஸ்க்ரீன். இந்த வாரம் அடி அடுக்கு முழுசா, அடுத்த வாரம் நடு அடுக்குன்னு படுக்கையா வெட்டினா கையில இருக்கிறத யாராலயும் சாப்பிட முடியாது. மேலருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு துண்டு வெட்டணும். நம்ம ஆப்புக்கு அந்த முதல் துண்டு: புக் பேரும் ஆள் பேரும் டைப் பண்ணி சேவ் பண்ணா கீழ லிஸ்ட்ல வரணும், அவ்வளவுதான். லாகின் வேணாம், அட்டைப்படம் வேணாம், தேதி கூட வேணாம். டேட்டாபேஸ்ல ஒரே டேபிள், அதுல ரெண்டே காலம் (column): புக் பேருக்கு ஒண்ணு, ஆள் பேருக்கு ஒண்ணு. பாக்க அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, ஆனா உண்மையிலயே வேலை செய்யணும், பேஜ ரீஃப்ரெஷ் பண்ணா டேட்டா காணாம போகக்கூடாது.

படி 3: நாள் குறிங்க
தனியா பண்றவங்களுக்கு ஒரு வாரம் சரியா இருக்கும். டீமா ஸ்க்ரம் முறையில, அதாவது வேலைய நாள் குறிச்ச சின்ன சின்ன சுத்தா பிரிச்சு பண்றவங்க, அந்த ஒரு சுத்த ஸ்ப்ரிண்ட்னு சொல்வாங்க, அதுக்கு அதிகபட்சம் ஒரு மாசம். வேலை முடியலன்னா நாள தள்ளிப் போடாதீங்க, வேலைய குறைங்க. நாள தள்ளிப் போட ஆரம்பிச்சா திரும்ப அந்த பழைய மூணு மாசக் கதைதான்.

படி 4: கட்டும்போதே டெஸ்ட் பண்ணுங்க
ஒரு சின்ன விஷயம் ஓடுச்சா, உடனே கிட்ல (Git, கோட்ல பண்ற மாற்றங்கள குறிச்சு வைக்கிற டூல்) கமிட் பண்ணுங்க, அதாவது அந்த நிலைய பதிஞ்சு வைங்க. சேவ் ஆகுதான்னு பாக்க ஒரு ஆட்டோமேட்டிக் டெஸ்டாவது எழுதி வைங்க, ஏன்னா அடுத்த வாரம் இதே கோடத்தான் கலைக்கப் போறோம், எது உடைஞ்சுதுன்னு அப்ப அந்த டெஸ்ட்தான் சொல்லும். டெஸ்டிங்க கடைசிக்கு வைக்கிறதுல இருக்கிற ஆபத்து புதுசா கண்டுபிடிச்சது இல்ல. ஒரு கட்டம் முழுசா முடிஞ்சாதான் அடுத்த கட்டம்னு போற, இன்னிக்கு வாட்டர்ஃபால்னு சொல்ற முறையோட வரைபடத்த 1970ல ஒரு கட்டுரையில போட்ட வின்ஸ்டன் ராய்ஸே, அத அப்படியே செஞ்சா ஆபத்து, ஏன்னா டெஸ்டிங் கடைசியிலதான் வருதுன்னு அதே கட்டுரையில எழுதிட்டார். நிறைய பேரு வரைபடத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

படி 5: காட்டிட்டு வாய மூடிக்கோங்க
வாரக் கடைசியில அந்த ஆள்கிட்ட ஆப்ப குடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க. "இங்க அழுத்துங்க"ன்னு சொல்லித் தராதீங்க, எனக்கு இன்னிக்கும் கஷ்டமா இருக்கிற விஷயம் இதுதான். அவங்க எங்க தயங்குறாங்க, எத தேடுறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க. புக் திரும்பி வந்தா லிஸ்ட்ல இருந்து எப்படி எடுக்கிறதுன்னு கேட்டாங்கன்னா, உங்க அடுத்த துண்டு கிடைச்சாச்சு.

படி 6: லிஸ்ட்ட மாத்துங்க
பழைய லிஸ்ட் மேல பாசம் வைக்காதீங்க. புதுசா கேட்டத சேருங்க, யாரும் தேடாதத கீழ தள்ளுங்க, திரும்ப படி 2.

ஒரு விஷயம், இதுக்குப் பேரு அஜைல்னு கேள்விப்பட்டு "அப்போ டாக்குமெண்டே வேணாமா?"ன்னு நிறைய பேரு கேக்குறாங்க. 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கை அப்படி சொல்லவே இல்ல. பக்கம் பக்கமான டாக்குமெண்ட விட ஓடுற சாஃப்ட்வேர் பெருசுன்னுதான் சொல்லுது, டாக்குமெண்டுக்கும் மதிப்பு இருக்குன்னு அதுலயே ஒத்துக்கிட்டிருக்காங்க. அதனால ஆப்ப எப்படி ஓட்டுறதுன்னு ரீட்மீ ஃபைல்ல (README, கோடோட சேத்து வைக்கிற குறிப்பு) நாலு வரி முதல் வாரமே எழுதிடுங்க, ரெண்டாவது வாரம் நீங்களே அத தேடுவீங்க.