சிறையிலிருந்து வருபவருக்குத் துணைவட்டம் அமைப்பது எப்படி?

1994-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், ஊரே அஞ்சிய பாலியல் குற்றவாளி ஒருவரை, விடுதலையானதும் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சிறு சபை ஒன்று அரவணைத்துக்கொண்டது. விடுதலையானவர் மீண்டும் குற்றத்தில் விழாதபடி தன்னார்வலர் சிலர் கூடித் துணைநிற்கும் துணைவட்ட முறை பிறந்தது அங்கேதான்.

வட்டத்துக்கு நான்கு முதல் ஆறு பேர் வேண்டும். ஒருவரே பாரம் சுமந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடுவார், ஏமாறவும் செய்வார். விடுதலைக்கு முன்பே சிறைக்குப் போய், வெளியே வரப்போகிறவரோடு பழகுங்கள். எது நமக்குள் இருக்கும், எதைக் காவல்துறையிடம் சொல்வோம் என்று எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

முதல் சில மாதங்கள் மிகக் கடினம். தினமும் ஒருவராவது போனில் பேசுங்கள்; வாரம் ஒருமுறை எல்லோரும் கூடுங்கள். அடையாள அட்டை எடுக்க, வாடகைக்கு அறை தேடக் கூடவே போங்கள். வங்கி வரிசையில் நிற்கக்கூடக் கூசுவார், பக்கத்தில் நில்லுங்கள்.

பரிவு காட்டுகிறோம் என்று கேள்வி கேட்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. குற்றத்துக்கு முன்னால் வருவது குடியா, தனிமையா, கோபமா? அதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த அறிகுறி தெரிந்த அன்றே நேரில் கேளுங்கள். கைக்கடன் வேண்டாம், உறவு கெடும். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்க அவரை அனுப்பவே கூடாது. பாதிக்கப்பட்டவர் தாமாக விரும்பினால் மட்டும், பயிற்சி பெற்ற நடுவர் வழியாகச் செய்யுங்கள்.