ஒரே அர்த்தம்தானே?

ஒல்லியாக இருப்பதற்கு ஆங்கிலத்தில் ‘தின்’, ‘ஸ்லிம்’, ‘ஸ்கின்னி’ என்று சினானிம், அதாவது ஒரே பொருள் தரும் சொற்களின் பட்டியல்கள் ஒரே வரியில் அடுக்கிவிடும். மனப்பாடம் செய்துகொண்டு கைக்கு வந்ததை எடுத்து வீசினால் வம்புதான். ஒடிசலான பெண் என்பதற்கும் நோஞ்சான் என்பதற்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ஸ்லிம்’ பாராட்டு, ‘ஸ்கின்னி’ பெரும்பாலும் குத்தல், ஜீன்ஸைச் சொன்னால் தவிர.

‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இன்னும் ஆபத்தான ஜோடி. தமிழில் பேர் போன பிரியாணிக் கடையும் உண்டு, பேர் போன ரவுடியும் உண்டு. ஆங்கிலத்தில் ‘நொட்டோரியஸ்’ ரவுடிக்கு மட்டும்தான். வரவேற்புரையில் சிறப்பு விருந்தினருக்குச் சூட்டிவிடாதீர்கள்.

நம் மணமகள் தேவை விளம்பரங்களில் ‘ஹோம்லி’ என்றால் குடும்பப்பாங்கான பெண். பிரிட்டனில் ஒரு விடுதியை அப்படிச் சொன்னால், சொந்த வீடு மாதிரி இதமாக இருக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் ஒருவரை அப்படிச் சொன்னால், பார்க்கச் சுமார்தான் என்று பொருள். அங்கேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு ஜாதகம் அனுப்பும்போது இந்தச் சொல்லை எடுத்துவிடுவது நல்லது.

அலுவலக மெயிலில் ‘டவுட்’ படுத்தும் பாடு தனி. நமக்குச் சந்தேகம் என்றால் புரியாததைக் கேட்பதும் அதுதான், நம்பாமல் இருப்பதும் அதுதான். வகுப்பில் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நம் ஆசிரியருக்குப் புரியும். லண்டன் மேலதிகாரியிடம் அவர் போட்ட திட்டத்தைப் பற்றி அப்படி எழுதினால், இது தேறாது என்று நீங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்வார். ‘கொஸ்டின்’ போதும். பதில் அனுப்புங்கள் என்பதற்கு நாம் எழுதும் ‘ரிவர்ட்’, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் இருக்க இது எதற்கென்று எனக்கு விளங்கியதே இல்லை.

சொல்லைவிடப் பதிலில்தான் அதிகம் சறுக்குகிறோம். “காபி வேண்டாமா?” என்றால் “ஆமா, வேண்டாம்” என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பது நம் ‘ஆமா’. அதே பழக்கத்தில் ‘டோன்ட் யூ வான்ட் காஃபி?’ என்பதற்கு ‘யெஸ்’ என்றால் காபி வந்துவிடும். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் வேண்டுமென்றால் ‘யெஸ்’, வேண்டாமென்றால் ‘நோ’. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்பது இதற்கு அண்ணன்: உட்காருவதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். தாராளமாக உட்காரட்டும் என்று நினைத்து ‘யெஸ்’ சொன்னால், ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். ‘நாட் அட் ஆல், ப்ளீஸ் சிட்’ என்று முழுசாகச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

‘ஆஃப் கோர்ஸ்’ கூட இடம் பார்த்து வர வேண்டிய ஆள். பேனா இரவல் கேட்டவரிடம் சொன்னால் தாராளம். இந்த பஸ் தாம்பரம் போகுமா என்று கேட்டவரிடம் சொன்னால், இதுகூடவா தெரியாது என்று கேட்ட மாதிரி. அவருக்கு ‘யெஸ், இட் டஸ்’ போதும்.