மலையக ஆய்வுகூடத்தில் ஏகார் வளர்ப்பு: பாதுகாப்பாகச் செய்யும் முறை

தயிரிலோ மண்ணிலோ உள்ள நுண்ணங்கிகளை முதன்முறையாக ஏகாரில் (நுண்ணங்கிகளுக்கு உணவாகும், ஆறினால் கூழ்போல இறுகும் ஊடகம்) வளர்க்கப் போகும் உயர்தர மாணவர்களுக்கான குறிப்பு இது. ஏகாரைக் கிருமியழிக்க "சதுர அங்குலத்துக்கு 15 பவுண்ட் அமுக்கம், 15 நிமிடம்" என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு கடல்மட்டத்துக்கானது. நுவரெலியாவில் அப்படியே செய்தால் கிருமி மிஞ்சும்.

1. மாதிரியைத் தெரிவு செய்யுங்கள்

தயிர், தோட்டத்து மண், உதிர்ந்த இலை போதும். தொண்டைச் சளி, இரத்தம், கழிவறை, வடிகான் பக்கமே போகவேண்டாம். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் கண்டால் அதை வளர்த்துப் பார்க்க ஆசை வரும். 1946இல் இலங்கைக்கு வந்த அந்தப் பங்கசு உயிருள்ள தேயிலையில்தான் வாழும். ஏகாரில் முளைப்பது வேறெதுவாகவோ இருக்கும்.

மண் எடுக்கப் போய் அட்டை கடித்திருந்தால் இரத்தம் இலகுவில் நிற்காது. நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, கையுறை போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

2. ஏகாரைக் கிருமியழியுங்கள்

போசணை ஏகார் தூள் பொதுவாக லீற்றருக்கு 28 கிராம். போத்தல் லேபிளையும் பாருங்கள். 250 மில்லிலீற்றர் குடுவையில் 2.8 கிராம் தூளும் 100 மில்லிலீற்றர் நீரும் இட்டால் ஐந்து பெத்திரிக் கிண்ணங்களுக்கு (மூடியுள்ள தட்டைக் கிண்ணங்கள்) காணும். குடுவையை நிறைத்தால் பொங்கும். பஞ்சால் மூடி, மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

ஓட்டோகிளேவ் (அமுக்க ஆவியால் கிருமியழிக்கும் கருவி) இல்லாத பாடசாலைகளில் பிரஷர் குக்கர்தான். மூடியின் மேல் வைக்கும் விசில் நிறையைப் போடாமல் முதலில் 10 நிமிடம் ஆவியை வெளியேற விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அமுக்கம் ஏறியும் வெப்பம் ஏறாது. பிறகு நிறையைப் போட்டு, ஆவி சீராக வெளியேறத் தொடங்கியதும் மணிக்கூட்டைப் பாருங்கள். விசில் எண்ணுவது சோறு சமைக்கத்தான் சரி.

குக்கர் தரும் 15 பவுண்ட், வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலதிகமானது. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றின் அமுக்கமே குறைவு. அதனால் உள்ளே 121 பாகை செல்சியஸ் வராது, கிட்டத்தட்ட 118தான். வெப்பம் தாங்கும் வித்திகளுக்கு 10 பாகை குறைந்தால் அழிக்கும் நேரம் ஏறத்தாழ பத்து மடங்காகும். மூன்று பாகைக்கே இரண்டு மடங்கு. ஆகவே பாதுகாப்புக்குச் சற்றுக் கூட்டியே நுவரெலியாவில் 40 நிமிடம், ஹற்றனில் 30, பதுளையில் 25 என்று வையுங்கள். உங்கள் குக்கரின் அமுக்கம் 15 பவுண்டிலும் குறைவென்றால் இதுவும் போதாது.

அடுப்பை அணைத்ததும் நிறையைத் தூக்கவோ குக்கர்மேல் தண்ணீர் ஊற்றவோ கூடாது. ஏகார் கொதித்தெழுந்து பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு கிருமிக்கு வழிவிடும். தானாக ஆறட்டும்.

3. மேசையைத் துடையுங்கள்

95 வீத எதனோல் 74 மில்லிலீற்றருடன் நீர் சேர்த்து 100 ஆக்கினால் 70 வீதக் கரைசல் கிடைக்கும். செறிவு கூடினால் நல்லது என்று நினைக்கவேண்டாம், புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்பிரிட் விளக்கை ஏற்றுங்கள். எதனோல் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. குளிருக்குப் போட்ட சுவெட்டரின் கை தொங்கினால் மடித்துவிடுங்கள், சால்வையைக் கழற்றிவிடுங்கள்.

4. ஊற்றுதலும் புகுத்தலும்

ஏகாரை 50 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, கிண்ணத்துக்கு 20 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியில் நீர் படியும். மேசையில் ஆறவிட்டால் குளிர்ந்த காலையில் குடுவைக்குள்ளேயே இறுகும்.

வளையக் கம்பியைச் சிவக்கச் சுட்டு, பத்து விநாடி ஆறவிட்டு மாதிரியைத் தொடுங்கள். கிண்ணத்தின் மூடியை ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்த்தி, ஏகாரின் மேல் வளையத்தால் கோடிழுங்கள். ஈரமான வளையத்தைச் சட்டென்று சுடருக்குள் நுழைத்தால் கிருமி தெறிக்கும்; கைப்பிடிப் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள்.

5. வளரவிடுங்கள்

மூடியை இரண்டு இடங்களில் செலோடேப்பால் ஒட்டுங்கள். சுற்றிலும் ஒட்டினால் ஒட்சிசன் புகாது, காற்றின்றி வாழும் ஆபத்தான வகைகளுக்கு அது வசதி. தலைகீழாக 25 பாகையில் வையுங்கள். 37 வேண்டாம்: மனித உடலில் நோய் தருபவை விரும்பும் வெப்பம் அது. நுவரெலியா அறைக் குளிரில் வளர்ச்சி மந்தமாக இருக்கும், பல நாள் பொறுக்கவேண்டும். அவசரமென்றால் ரெஜிபோம் பெட்டியில் வெந்நீர்ப் போத்தலும் வெப்பமானியும் வைக்கலாம். வளர்ந்த பின் கிண்ணத்தைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

6. அகற்றுங்கள்

கண்ணாடிக் கிண்ணங்களை மூடியபடியே குக்கரில் இடுங்கள், இம்முறை ஒரு மணிநேரம். பிளாஸ்டிக் என்றால் உருகும், தகரப் பாத்திரத்துக்குள் வைத்து இடுங்கள். வளர்ப்பு கீழே கொட்டினால் கடதாசியால் மூடி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, அரைமணிநேரம் கழித்துத் துடையுங்கள். இந்தக் கலவை அன்றைக்கு மட்டும்தான். பிளீச்சுடன் அமிலக் கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பும். உடைந்த கண்ணாடியை இடுக்கியால் எடுங்கள். உருகிய ஏகாரை மட்டும் சிங்கில் ஊற்றவேண்டாம். குளிர்ந்த குழாயில் இறுகி அடைத்துவிடும்.