பரிவு வேறு, பரிதாபம் வேறு

கிளிநொச்சியில் மாதர் சங்கங்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கடிதம், அறிக்கை எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. இப்போது எழுதப் பழகும் பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களில் நான் அன்று விட்ட பிழைகள் அப்படியே இருக்கின்றன. இரக்கத்தை 'இறக்கம்' என்று எழுதுவதை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அதை விடுவோம். இரக்கத்தைச் சொல்லப்போய் இடறும் வேறு சில சொற்களைப் பார்ப்போம்.

கண்ணோட்டம்

திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு இதுதான் பெயர். பிறரைக் கண்டு மனம் இளகுவதை வள்ளுவர் அப்படிச் சொன்னார். இன்று அந்தச் சொல் 'பார்க்கும் விதம்' ஆகிவிட்டது. "எமது சங்கம் கண்ணோட்டத்துடன் செயற்படும்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். என்ன கண்ணோட்டம் என்றுதான் வாசிப்பவர் கேட்பார்.

பரிதாபம்

இதைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பரிவு, பரிதாபம் இரண்டும் 'பரி' என்று தொடங்குவதால் ஒன்றுக்கு மற்றதைப் போடுகிறார்கள். பரிதாபம் வடசொல், சுடும் துயரம் என்பது அதன் வேர்ப்பொருள். பரிவு தமிழ்ச் சொல். ஒருவருக்காகப் பரிந்து பேசுகிறோமே, அந்தப் பரிவு.

2011இல் தர்மபுரம் பக்கம், மீள்குடியேறிய ஒரு அம்மாவுக்காக உதவிக் கடிதம் எழுதினேன். தறப்பாள் கொட்டிலின் வாசலில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் மண். "பரிதாபமான இந்தப் பெண்மணி" என்று தொடங்கிய கடிதத்தை அவருடைய மகள் சத்தமாக வாசித்தாள். அம்மாவின் கை நின்றது.

"தம்பி, என்னில என்ன பரிதாபம்? காணி துப்பரவாக்கி, விதைச்சு, புடுங்கி வச்சிருக்கிறன். கிணறுதான் தூந்து போச்சு. அதை எழுதுங்கோ."

அன்று இரவு முழுக்க அந்தச் சொல்லையே யோசித்தேன். 'ஆன' சேர்த்துப் பாருங்கள். பரிவான பெண் என்றால் பரிவு அவளிடம் இருக்கிறது. இரக்கமான மனிதர், கருணையான தாய், எல்லாம் அப்படியே. பரிதாபமான பெண் என்றால் மட்டும் துயரப்படுபவர் மேல் போய் ஒட்டுகிறது. எழுதுகிறவரின் மனதைச் சொல்ல வந்த சொல், எதிரில் இருப்பவருக்குப் பட்டமாகிவிடுகிறது. அந்தக் கடிதம் கோப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் யாரோ எடுத்து வாசிப்பார்கள்.

அடுத்த நாள் திருத்தி எழுதினேன்: "கணவரை இழந்தவர். கச்சான் செய்கிறார். தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்க உதவி தேவை."

அனுதாபம்

செத்தவீட்டுச் சொல். அங்கேயே இருக்கட்டும்.

பாவம்

பேச்சில் இதைத் திருத்தப் போகாதீர்கள். "பாவம், பிள்ளையள் சாப்பிட்டிருக்காதுகள்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா புட்டும் சம்பலும் கொண்டுவருவார். கடிதத்தில் மட்டும் வேண்டாம். அங்கே புட்டு இல்லாமல் பாவம் மட்டும்தான் போய்ச் சேரும்.