பதினைந்து வயசு ஆல்டோவை எஃப்சிக்குக் கொண்டுபோகும் முன்

எஃப்சி, அதாவது ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி வாங்கும் தகுதிச் சான்று, ஆன பதினோராம் நாள் என் ஆல்டோ தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே படுத்துவிட்டது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, பானெட்டுக்குள்ளிருந்து சாம்பிராணி போட்ட மாதிரி ஆவி. சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "இப்பத்தானடா கவர்மெண்ட்டுல பாத்து, நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க?"

எழுதிக் கொடுத்தது உண்மைதான். அவர்கள் பார்த்தது பிரேக், ஸ்டீயரிங், லைட், டயர், நம்பர், புகை. ஹோஸுக்கு எத்தனை வயசு என்று எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் கேட்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு சோதனை வைத்துக்கொள்கிறேன். ஒன்று அவருக்காக, இன்னொன்று எனக்காக.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அரசின் வாகன இணையதளமான பரிவாகனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். அதனால் பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகக் காருக்குப் பதிவான நாளிலிருந்து 15 வருடம் ஆர்சி (பதிவுச் சான்று) செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியைக் காட்ட வேண்டும். தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25 போடலாம். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் ஏறும். கட்டணம் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வயசு தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. இன்சூரன்ஸும் புகை சான்றிதழும் உயிரோடு இருக்க வேண்டும். என் கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரே பிரச்சினைதான்: ஆர்சியில் இருப்பது பழைய ஓனரின் செல் நம்பர், ஓடிபி அவருக்குப் போகிறது. அதை முதலில் மாற்றுங்கள்.

என் வண்டி 2009 மாடல், இரண்டாவது கை. 2024-இல் முதல் முறை கொண்டுபோனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சேஸ் நம்பர், வண்டி உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண். ஆல்டோவில் பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் முன்கண்ணாடிப் பக்கம் இருக்கும் தகட்டில் பொறித்திருக்கும். எனக்கு முன் வைத்திருந்தவர் பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயும் ஒரு கோட் போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நம்பரே தெரியலயேப்பா, சுத்தம் பண்ணிக் கொண்டா" என்றார். ஒரு நாள் கடை போச்சு.

இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய பனியன் துணியில் தின்னர் தொட்டு அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். எமரி பேப்பரும் கம்பி பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். எழுத்து தேய்ந்தாலோ சுற்றிலும் கீறல் விழுந்தாலோ, நம்பரைத் திருத்தியிருக்கிறான் என்ற சந்தேகம் வரும். பெயின்ட் போனதும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை மேலே தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து பளிச்சென்று தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாக உரசிப் பிரிண்ட் எடுத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மொத்தம் 17 எழுத்து, மாருதிக்கு எம்ஏ3 என்று ஆரம்பிக்கும். இதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்.

அடுத்து பிரேக். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பிறகு ஆளில்லாத ரோட்டில் 30-இல் போய்ப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா, முன் காலிப்பர் இறுகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை மேட்டில் நியூட்ரலில் நிறுத்திப் பார்க்க வேண்டும், சமதளத்தில் எல்லா வண்டியும் நிற்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் கணவாய் இறக்கத்தில் சூடேறிப் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். தொப்பூரில் இறங்குகிறவர்கள் இதற்காகவாவது மாற்றுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் கை வைத்து ஆட்டினால் வரும் லொடலொடப்பு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டி வந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். டயரில் பட்டன், அதாவது மேல் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் பட்டன் இருந்தும் ரப்பர் செத்துப்போன டயர்கள் நம்மூரில் நிறைய ஓடுகின்றன. பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் பாருங்கள்: 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆம் வாரம் தயாரான டயர்.

லைட்டைச் சோதிக்க, வண்டியைச் சுவருக்கு முன் நிறுத்தி எரியவிட்டுப் பார்த்தால் போதும். நம்பர் பிளேட் பல்பை மறக்காதீர்கள், எல்லோரும் மறக்கிறார்கள்.

துருவுக்கு ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு காந்தம். கதவின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழே படிக்கட்டு மாதிரி இருக்கும் விளிம்பு, எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். சட்டென்று ஒட்டாமல் வழுக்கினால், துருவை மறைக்க உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரையைத் தட்டுங்கள். "டங்" என்றால் சரி, "பொத்" என்றால் டிங்கரிங் செலவு. தரையும் விளிம்பும் இரண்டுமே போயிருந்தால் நான் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டேன்.

புகைக்கு ஒரு தந்திரம், அது ஏமாற்று வேலை இல்லை. பிஎஸ்3 (என் கார் காலத்துப் புகை விதி) பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை போகலாம். சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். நான் இங்கிருந்து நிற்காமல் தர்மபுரி போய், இன்ஜினை அணைக்காமல் குழாயைச் சொருகச் சொல்வேன். ஏர் ஃபில்டரும் மூன்று பிளக்கும் புதிதாக இருந்தால் இன்னும் நல்லது. பிஎஸ்3-க்கு இந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான்.

இனி எனக்கான சோதனை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியாவிட்டால், மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிள் பிரிந்திருக்கிறதா என்று பெடல் பக்கம் குனிந்து பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸை விரலால் அமுக்குங்கள். கொய்யாக்காய் மாதிரி கல்லாக இருந்தாலும், அழுகிய தக்காளி மாதிரி கொளகொளவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். எனக்கு வெடித்ததற்கு நானேதான் காரணம். மூன்று வருடம் கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினேன். நம்ம மாவட்டத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புப் படிவு ரேடியேட்டருக்குள்ளும் பிடித்து, தண்ணீர் ஓடும் வழி அடைத்து, சூடு ஏறி, பழைய ஹோஸ் தாங்கவில்லை. அன்றைக்கு டோவிங்கோடு சேர்த்துப் பார்த்தால் பத்து வருடத்துக்குக் கூலன்ட் வாங்கியிருக்கலாம். அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

வெடித்த ஹோஸில் ஒரு துண்டை வெட்டிக் கடை மேஜையில் வைத்திருக்கிறேன். எஃப்சி விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் நீட்டி, உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்வேன். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். "என்னண்ணா, சுண்ணாம்பா?" என்பார்கள்.