போட்ட கோடு போகவும் வேண்டும்: குயில்ட் தைக்கத் தொடங்குவோருக்கு

அக்காவின் முதல் பிள்ளைக்குத் தைத்த குயில்ட்டை, தைப்பொங்கல் முடிந்த கையோடு ரொறொன்ரோவுக்கு அனுப்பினேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் மேசையில் மடித்துப் பெட்டியில் வைத்தபோது அதில் ஒரு கோடுகூட இல்லை. தையலுக்காகப் போட்ட கோடுகளையெல்லாம் இஸ்திரிக்கைப் பெட்டியால் ஓர் இழுப்பு இழுத்து மறைத்திருந்தேன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பார்சல் அங்கே வாசற்படியில் ஒரு பகல் முழுக்கப் பனிக்குள் கிடந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் வெள்ளைத் துணி நிறைய ரோஸ் நிறக் கட்டங்கள். "இது டிசைனோ?" என்று அக்கா கேட்டிருந்தாள்.

டிசைன் இல்லை. நான் பாவித்த பேனையின் குணம் அப்படி. அதற்கான காரணம் கீழே வருகிறது. அன்றிலிருந்து துணியில் அடையாளமிட எதை வாங்கினாலும் எப்படி எழுதும் என்று நான் பார்ப்பதில்லை. எப்படி அழியும், அழிந்தது திரும்பி வருமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களும் அப்படியே தொடங்கினால் துணியும் மிஞ்சும், காசும் மிஞ்சும்.

குயில்ட் என்றால் மூன்று படை: மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் மேல்துணியில் கண்ணுக்குத் தெரியும். அதனால் அது நேராகவோ அழகான வளைவாகவோ ஓட ஒரு வழிகாட்டிக் கோடு வேண்டும். அந்தக் கோடு தைத்து முடியும்வரை நிற்க வேண்டும், பிறகு அடையாளமே இல்லாமல் போய்விட வேண்டும்.

முதல் படி: துணியை விசாரியுங்கள்

பேனை வாங்கப் போவதற்கு முன் துணியைக் கையில் எடுங்கள். வெளிர் நிறமா, கடும் நிறமா? தண்ணீரில் முழுதாக நனைக்கலாமா? நல்ல சூட்டில் இஸ்திரி போடலாமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கொழும்பில் நம்மில் பலருக்குத் துணி வருவது புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலிருந்துதான். அதிலும் நிறுத்து விற்கும் வெட்டுத்துண்டுகள் என்றால் பருத்தியா, பொலியெஸ்டர் கலந்ததா என்று விற்பவருக்கே தெரியாது. இரண்டு நூலை உருவி, கழுவு தொட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். மணி நின்றால் அந்தத் துணியில் கடும் சூட்டில் அழிக்க வேண்டிய எதையும் பாவிக்க வேண்டாம்.

பத்திக் துணிக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளை லேஞ்சி ஒன்றை நனைத்து, துணியின் ஓரத்தில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். லேஞ்சியில் சாயம் ஏறினால், தண்ணீரில் ஊறவைத்து அழிக்கும் பேனை அந்தத் துணிக்கு ஆகாது. கோடு போகும், கூடவே பத்திக்கின் சாயமும் பக்கத்து வெள்ளைக்குள் போய்க் குடியேறும்.

அம்மாவின் பழைய பட்டுச்சேலையை வெட்டித் தைக்க நினைப்பவர்கள் மையையே மறந்துவிடுங்கள். பட்டில் ஒரு துளி தண்ணீர் பட்டாலே வட்டம் விழக்கூடும். அதற்கு வேறு நிற நூலால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு, தைத்து முடித்ததும் உருவி எடுப்பதுதான் நல்லது. மெதுவான வேலைதான், ஆனால் கறை என்ற பேச்சே இல்லை.

இரண்டாம் படி: எந்த வழியில் அழிப்பது என்று முடிவுசெய்யுங்கள்

தண்ணீரில் அழியும் நீலப் பேனை. வெளிர் நிறப் பருத்திக்கு என் முதல் தெரிவு இதுதான். கோடு தெளிவாக விழும், கிழமைக் கணக்கில் நிற்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மறையும். ஆனால் மறைவது வேறு, போவது வேறு. தண்ணீரைச் சும்மா தெளித்தால் மை கரைந்து பஞ்சுக்குள் இறங்கிவிடும். துணி மேற்புறமாகக் காயும்போது உள்ளே இருக்கும் ஈரம் மேலே ஏறும், மையையும் கூட்டிக்கொண்டு ஏறும். காலையில் பார்த்தால் மங்கல் நீலத்தில் பழைய கோடு படுத்திருக்கும். ஆகவே தெளிக்காமல் முழுதாக அமிழ்த்த வேண்டும், மை வெளியேறும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும்.

இந்தப் பேனைக்கு இரண்டு எதிரிகள்: சூடும் சவர்க்காரமும். கோடு இருக்கும்போது இஸ்திரி போட்டால் நீலம் மண்ணிறமாகி நிலைத்துவிடலாம். தண்ணீரில் அலசுமுன் சலவைத்தூள் போட்டாலும் அதே கதை நடக்கலாம். நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சித்திரை மாதப் பின்னேரத்தில் மின்விசிறி இல்லாமல் கையால் தைத்தால் உள்ளங்கை வியர்வையே கோட்டைக் கரைத்துவிடும். கைக்கடியில் ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு தையுங்கள்.

காற்றில் மறையும் ஊதாப் பேனை. கடையில் இதைத்தான் எல்லோரும் ஆசையாக எடுப்பார்கள், கழுவவே தேவையில்லை என்பதால். காற்றில் ஈரம் கூடக்கூட இந்தக் கோடு சீக்கிரம் மறையும். கொழும்புக் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் முழுத் துணியிலும் இலை இலையாக வரைந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் பாதி இலை உதிர்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் தைக்கப்போகும் சின்னக் கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மறைந்த பிறகும் அதன் மிச்சம் துணியில் இருக்கும் என்பதால், இஸ்திரிக்கு முன் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிடுவது பாதுகாப்பு.

சூட்டில் அழியும் பேனை. என் மானத்தை வாங்கியது இதுதான். இந்தப் பேனை முதலில் கடதாசியில் எழுதி அழிப்பதற்கென்று வந்தது. மைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் நிறம் தரும் பொருளும் அதை நிறமாகக் காட்டவைக்கும் பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 60 பாகை செல்சியஸுக்கு மேலே சூடேறினால் இரண்டும் பிரிந்துவிடும், கோடு நிறமிழக்கும். நிறம்தான் போகிறது, மை போவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவில் குளிர்ந்தால் இரண்டும் திரும்பச் சேரத் தொடங்கும், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை அளவுக்கு இறங்கினால் கோடு முழுதாக வந்துவிடும். கொழும்பில் இருக்கும்வரை இது உங்களுக்குத் தெரியவே வராது. ஆனால் நம் வீட்டுக் குயில்ட்டுகளில் எத்தனை கொழும்பிலேயே இருந்துவிடுகின்றன? கனடாவுக்கும் நோர்வேக்கும் போகிற பரிசில் இந்தப் பேனையைத் தையல் ஓரத்துக்குள் மறையும் இடத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

கடும் நிறத் துணியில் இன்னொரு குறை உண்டு: சூட்டில் நிறம் போன பிறகும் வெளிறிய நிழல்போல ஒரு தடம் நிற்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் துணிப்பையை விட்டுவிட்டுப் போனால் வேலை முடியுமுன்னே கோடு காணாமல் போவதும் உண்டு. அப்படித் தவறிப்போய் அழிந்தால் பதற வேண்டாம். துணியைப் பொலித்தீன் பையில் சுற்றி ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள், கோடு திரும்பி வரும். கெட்ட குணம் நமக்கு உதவுகிற ஒரே இடம் இது.

சோக். கடும் நிறத் துணிக்கு இதைவிட நம்பகமானது இல்லை. தையல்காரர் பாவிக்கும் முக்கோணக் கட்டி வேண்டாம், அதன் கோடு தடிப்பு. சின்னச் சக்கரம் உருண்டு தூளை மெல்லிய கோடாக விடுகிற கருவி கிடைத்தால் வாங்குங்கள். வெள்ளையை மட்டும் வாங்குங்கள். நிறச் சோக், முக்கியமாகச் சிவப்பும் மஞ்சளும், வெளிர் துணியில் பிடித்துக்கொள்ளக்கூடும். கட்டியாக வருவதில் மெழுகு கலந்த வகையும் உண்டு. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் சோக், வழுக்கலாகச் சுருண்டு வந்தால் மெழுகு. மெழுகுக் கோட்டின் மேல் இஸ்திரி போட்டால் எண்ணெய்க் கறை மாதிரி ஊறிவிடும். சோக்கின் ஒரே குறை, கை பட்டாலே போய்விடும். ஒரு கட்டம் வரைந்து ஒரு கட்டம் தைப்பதுதான் வழி.

காசு செலவில்லாத கருவி குளியலறையிலேயே இருக்கிறது. தேய்ந்து மெலிந்த வெள்ளைச் சவர்க்காரத் துண்டைக் காயவைத்தால் ஓரம் கத்திபோல் இருக்கும். கருநீலம், கறுப்புத் துணிகளில் அழகாக எழுதும், கழுவினால் போகும். கிறீம் சேர்த்த வகை மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கும்.

ஹெரா. ஜப்பானில் கிமோனோ தைப்பவர்கள் பாவித்த கருவி, இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. மையே இல்லை. அடிமட்டத்தின் ஓரமாக அழுத்தி இழுத்தால் துணியில் ஒரு மடிப்புத் தடம் விழும், அவ்வளவுதான். ஒரே நிறத் துணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரியும். பூப்போட்ட துணியில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெட்டாத வெண்ணெய்க் கத்தியின் முதுகாலும் இதைச் செய்து பார்க்கலாம். இப்போது நேர்கோடுகளுக்கு நான் பெரும்பாலும் இதையே பாவிக்கிறேன். அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குத் தைத்ததில் மையே கிடையாது.

மாஸ்கிங் டேப்பும் நேர்கோட்டுக்கு நல்லது. ஒட்டி, அதன் ஓரத்தோடு தைத்து, அன்றே உரித்துவிடுங்கள். நம் வெக்கையில் இரவு முழுக்க விட்டால் பசை துணியில் தங்கிவிடும். சாதாரணப் பென்சில் வேண்டாம், அதன் கரி நூல் ஓட்டத்தோடு துணிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: சோதனைத் துண்டு

இதைத் தாண்டிப் போகாதவர்களை நான் கண்டதில்லை. நானும் தாண்டிப் போனவள்தான். குயில்ட்டில் வருகிற ஒவ்வொரு மேல்துணியிலும் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதே பஞ்சும் கீழ்த்துணியும் வைத்துப் பிடித்துத் தையுங்கள். தனித் துணியில் மட்டும் சோதித்தால் பஞ்சுக்குள் இறங்கித் திரும்பும் மையை நீங்கள் பிடிக்க முடியாது. குயில்ட் துணியை முதலில் கழுவப்போகிறீர்கள் என்றால் சோதனைத் துணியையும் கழுவுங்கள். கடைக் கஞ்சி இருக்கும் துணியில் மை நடந்துகொள்வது வேறு மாதிரி.

கையில் இருக்கும் எல்லாக் கருவிகளாலும் ஒவ்வொரு கோடு போட்டு, எது எதுவென்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துப் பார்க்க வேண்டாம். குயில்ட் தைக்க மூன்று கிழமை எடுக்கும் என்றால் சோதனைத் துண்டும் மூன்று கிழமை கிடக்கட்டும். அதே அறையில், அதே வெளிச்சத்தில். பிறகு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளிநாடு போகிற குயில்ட் என்றால் கடைசியாக ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும், கனடாக் குளிருக்கு அது போதும். துண்டின் மேல் "மீன் அல்ல" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒருமுறை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

நான்காம் படி: வரைதல்

துணிக்கு அடியில் மெல்லிய சாண்ட்பேப்பர் ஒன்றை விரித்தால் துணி வழுக்காது. பேனையை அழுத்த வேண்டாம், தைக்கும்போது தெரிகிற அளவுக்கு மெல்லிய கோடு போதும். கை தவறிக் கோணலாகப் போனால் அதன் மேலேயே இன்னொரு கோடு இழுக்காமல், தவறியதை அப்படியே விட்டுப் பக்கத்தில் சரியாகப் போடுங்கள். ஒரே இடத்தில் ஊறின மைதான் கடைசிவரை அடம்பிடிக்கும்.

ஐந்தாம் படி: அழித்தல்

வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த வெறும் தண்ணீர், அப்புறம் சவர்க்காரத் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகுதான் இஸ்திரி. பெரிய வாளியில் அல்லது தொட்டியில் குயில்ட்டை முழுதாக அமிழ்த்தி அரை மணி நேரம் விட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். தண்ணீரில் நீலச் சாயல் வருவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

இதையெல்லாம் வைகாசி மழைக்கு நடுவில் தொடங்காதீர்கள். பஞ்சு வைத்த துணி காய நேரமெடுக்கும், தென்மேற்குப் பருவமழையில் இரண்டாம் நாளே பூஞ்சண மணம் வரும். காலை வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத் தட்டையாக விரித்து, அடிக்கடி புரட்டுங்கள். மழை வந்துவிட்டால் உள்ளே கொண்டுவந்து இரண்டு கதிரைகளுக்கு மேல் போட்டு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் கோடு கோடாகத் தேடிப் பாருங்கள். எங்காவது நீலம் தெரிந்தால் இஸ்திரிக்கைப் பெட்டியைத் தொடாமல் திரும்பவும் தொட்டிக்குப் போங்கள்.