பாம்ப்லோனாவில் விழுந்தால் எழாதீர்கள்

ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் ஜூலை 7 முதல் 14 வரை காலை 8 மணிக்கு, தெருக்களில் காளைகளுக்கு முன்னால் மனிதர்கள் ஓடும் காளை ஓட்டம் நடக்கும். அதில் தடுக்கி விழுந்தால், எழவே எழாதீர்கள். குப்புறப் படுத்து, கைகளால் தலையை மூடிக்கொண்டு அசையாமல் கிடங்கள். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள காளைகள் கூட்டமாகப் பாயும்போது, தரையில் கிடப்பவரைப் பெரும்பாலும் தாண்டிவிடும், மிதிபட்டாலும் பிழைக்கலாம். பாதி எழுந்தவரின் வயிறும் மார்பும்தான் கொம்புக்கு நேராக வரும். 1995இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் விழுந்து எழுந்தபோதுதான் குத்துப்பட்டு இறந்தார். காளைகள் போய்விட்டன என்று பக்கத்தில் இருப்பவர் தட்டிச் சொல்லும்வரை பொறுங்கள்.

பாதையோர மரத்தடுப்பை ஒட்டியே விழுந்தால் மட்டும், அடியில் உருண்டு வெளியேறிவிடலாம். ஓட்டப் பாதையில் வரும் எஸ்தஃபேத்தா தெருவில் பெரும்பகுதி வெறும் சுவர்தான், அங்கே இது நடக்காது. கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே திரும்பும் காளை வேறு ரகம். அது கிடப்பவரையும் குத்தும்.